எல்லாம் செய்கிற குதிரை

எல்லாம் செய்வேன் என்று சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. மாவும் அரைக்கும், சட்டினியும் அரைக்கும், காயும் நறுக்கும் என்று சொல்லி விற்ற மெஷின் ஒன்று எங்கள் வீட்டு கராஜில் மூன்று வருடமாகத் தூங்குகிறது. ஆபீஸிலும் எனக்கு அதே வேலைதான். மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் ஓட்டை எங்கே என்று தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் அது 1999. ரெண்டாயிரம் பிறந்த நிமிடம் கம்ப்யூட்டரெல்லாம் கவிழ்ந்துவிடும் என்று உலகமே அரண்டு கிடந்த வருடம். அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக்கில் என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அப்படிப்பட்டவளிடம் வந்து என் மகள் யாமினி குதிரை வேண்டும் என்றாள்.

யாமினிக்கு அப்போது பதிமூன்று வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் யெஸ், நோ, ஃபைன் என்ற மூன்று வார்த்தைகளில். அந்த மூன்றை வைத்தே என்னோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள். பரதநாட்டிய வகுப்பை நிறுத்திவிட்டு, லிபர்ட்டி ஹில் போகிற வழியில் டார்லீன் என்பவர் நடத்திய பார்னில், அதாவது குதிரை லாயத்தில், சனிக்கிழமைதோறும் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். கொண்டுபோய் விடுவது என் கணவர் நெடுஞ்செழியன். பெண்ணை இறக்கிவிட்டு, பக்கத்து ஹார்டுவேர் கடையில் இரண்டு மணி நேரம் ஆணியும் குழாயும் வேடிக்கை பார்த்துவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். வரும் வழியெல்லாம் அவள் வாய் ஓயாமல் பேசுவாளாம். ஹேஸல் இன்று இப்படித் தாண்டியது, ஹேஸல் இன்று என் பின்னலைக் கடித்தது என்று. வீட்டு வாசலில் கார் நின்றதும் பேச்சும் நின்றுவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு குதிரைமேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஹேஸலைத்தான் டார்லீன் விற்கப் போகிறார் என்று செய்தி வந்தது. வாங்கிக் கொடுத்தால் அந்தப் பேச்சில் கொஞ்சம் என் பக்கமும் திரும்பும் என்று ஓர் ஆசை. வாங்கிக் கொடுத்து, அது என் ஒரே பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். இரண்டையும் சுமந்துகொண்டு ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் பார்னுக்குப் போனேன்.

டார்லீனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். ஹேஸலைக் கொண்டுவந்து நிறுத்தினார். செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால், உடம்பில் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை. இவ்வளவு குள்ளமா என்றுதான் முதலில் தோன்றியது. பதினாலு கை, ரெண்டு அங்குலம் என்றார் டார்லீன். குதிரையை அங்கே உள்ளங்கை அகலத்தால்தான் அளக்கிறார்கள். குள்ளமானாலும் கழுத்தைத் தூக்கி அது நின்ற தோரணையில், இந்த இடத்துக்கு வீட்டுக்காரி நான்தான், நீ யார் என்ற கேள்வி இருந்தது.

இது மார்கன் ஜாதிக் குதிரை, எல்லாம் செய்யும் என்றார் டார்லீன். அங்கேயே எனக்கு மணி அடித்துவிட்டது.

யாமினி ஏறினாள். தாண்டுவதற்கு வைத்திருந்ததில் முதல் கட்டை முழங்கால் உயரம், கடைசிக் கட்டை என் இடுப்பு உயரம். ஒவ்வொன்றையும் நெருங்கும்போது ஹேஸல் காதிரண்டையும் முன்னால் நீட்டி, கால் எட்டுகளைத் தானே எண்ணிக் குறுக்கிக்கொண்டு, எழும்பி, மறுபக்கம் இறங்கியது. ஓரிடத்தில் யாமினி அவசரப்பட்டுத் தப்பான நேரத்தில் காலால் தட்டிவிட்டாள். வேறு குதிரையாக இருந்தால் நின்றுவிடும், பிள்ளை மட்டும் கட்டைக்கு அந்தப் பக்கம் போய் விழும் என்று டார்லீன் என் காதருகில் சொன்னார். ஹேஸல் ஒரு சின்ன எட்டைத் தானாகச் சேர்த்துப் போட்டு, பிள்ளையையும் சேர்த்துத் தாண்டியது.

பிறகு சேணத்தைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன வண்டியில் பூட்டினார்கள். இழுத்தது. வண்டியை அவிழ்த்துவிட்டு மறுபடியும் யாமினியை ஏற்றிப் பின்பக்கத்து ஓடைக்கு அனுப்பினார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என் பெண் குதிரையோடு தண்ணீரில் இறங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கடைக்குப் போய்வருகிற நிதானத்தில் கரையேறியது.

டார்லீன் விலையைச் சொன்னார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அதிகம் என்று அல்ல, குறைவு என்று. தாண்டும், இழுக்கும், தண்ணீரில் இறங்கும், குழந்தையைக் காப்பாற்றும், விலையும் குறைவு என்றால் எங்கோ ஓர் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். இடுப்பில் ஆபரேஷன், இனிமேல் ஏற முடியாது, இவளை ஓட்ட ஒரு பிள்ளை தேவை என்றார். விற்கிறவர்கள் என்றைக்கு நிஜக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள்?

ஒரு ஃபைலைக் கொடுத்தார். அதில் ஹேஸல் என்ற பெயரே இல்லை. சினிமா ராணிக்கு வைக்கிற மாதிரி நீளமாக வேறு பெயர். பதிவுப் பெயர் வேறு, கூப்பிடுகிற பெயர் வேறு, எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் என்று யாமினி விளக்கினாள். பிறந்த வருடம் 1988 என்று போட்டிருந்தது. அப்படியானால் வயது பதினொன்று. வாய் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது. ஆகவே வயதை நான் டார்லீனிடம் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. காரில் ஏறியதும் மட்டும் சொன்னேன்.

“பதினொண்ணுதாங்க லிமிட். ஒரு வயசு கூட இருந்திருந்தா அந்த கேட்டுக்குள்ளயே நான் கால் வெச்சிருக்க மாட்டேன்.”

பின் சீட்டில் யாமினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முடிவு சொல்ல அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை வரை டார்லீன் தவணை கொடுத்திருந்தார். டல்லாஸ் பக்கம் ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வேண்டாம் என்றால் அன்று மத்தியானமே ட்ரெய்லரோடு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் வேலையைத் தொடங்கினேன். லைப்ரரியில் மார்கன் குதிரையைப் பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து வந்தேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் வெர்மான்ட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இருந்த ஒரே ஒரு சின்னக் குதிரையிலிருந்து வந்த வம்சமாம். காலையில் காட்டில் மரம் இழுக்கும், மத்தியானம் பந்தயத்தில் ஓடும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஆளைச் சுமந்துகொண்டு போகும். மற்ற குதிரைகளுக்கு முதுகு தளரும் வயதில் இது குட்டிப் பிள்ளைகளுக்குத் தாண்டக் கற்றுக் கொடுக்கும். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுதிய மூன்று பேரும் மார்கன் வளர்க்கிறவர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பார்னுக்குப் போனேன். சனிக்கிழமை மட்டும் மருந்து கொடுத்து அமைதியாக வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு கணக்கு. ஹேஸல் வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. கிட்டே போய், கொண்டுபோயிருந்த குடையை அதன் மூக்குக்கு முன்னால் சடாரென்று விரித்தேன். எருமைமேல் மழை பெய்தது போல நின்றது. பலூன் ஒன்றை ஊதி உடைத்தேன். உடைந்த ரப்பரை மோந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் டார்லீன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் சோதிக்கிறாயே, ஏறியும் பார்த்துவிடேன் என்றார்.

ஏறினேன். நாற்பது வயதில், ஆபீஸ் பேன்ட்டோடு, முதல் தடவையாக ஒரு குதிரைமேல். தரையிலிருந்து பார்க்கும்போது குள்ளம் என்று நினைத்ததெல்லாம் மேலே போனதும் மறந்துபோயிற்று. ஹேஸல் தலையைத் திருப்பி என் ஷூவை ஒரு முறை பார்த்தது. பிறகு நான் பயந்தவள் என்று தெரிந்துகொண்ட மாதிரி, தட்டாமல் குலுங்காமல், மைதானத்தை ஒரு சுற்று நடந்து என்னைக் கொண்டுவந்து விட்டது. எனக்கு அதைப் பிடித்துவிட்டது. பிடித்ததாலேயே சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

டார்லீன் சிபாரிசு செய்த டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜார்ஜ்டவுனிலிருந்து வேறு ஒருவரை வரவழைத்தேன். காலை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், இதயத்தைக் கேட்டார். எல்லாம் சரி என்றார். பல்லைப் பார்த்துவிட்டுப் பத்தைத் தாண்டிவிட்டது என்றார். சரியாக எத்தனை என்று கேட்டேன். பத்துக்கு மேல் போனால் பல் துல்லியமாகச் சொல்லாது, பேப்பரில் என்ன இருக்கிறது என்றார். பதினொன்று என்றேன். இருக்கலாம் என்றார். உள்ளே போயிருந்த டார்லீனும் யாமினியும் திரும்பி வந்தபிறகு, மயக்க மருந்து ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இதை டார்லீன் காது கேட்க, யாமினி காது கேட்கச் சொன்னேன்.

ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து யாமினி என்னைப் பார்னுக்குக் கூப்பிடவில்லை. மூன்று வார்த்தைகளில் ஃபைன் மட்டும் மிஞ்சியது.

“வேலில போற ஓணானைப் புடிச்சு நீயே மடில கட்டிக்கறே, கண்மணி,” என்றார் என் கணவர். “அந்தம்மா ஒண்ணையும் மறைக்கற மாதிரி எனக்குத் தெரியல. போதும், விட்டுரு.”

அவர் அப்படிச் சொன்னதும், இவரும் கூட்டோ என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பாவம், ஆணி வாங்கக்கூட இரண்டு கடை விசாரிக்கத் தெரியாத மனிதர் அவர்.

தவணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் பெரியப்பா மகன் கிட்டுசாமியை டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து வரச் சொன்னேன். கிட்டுசாமி அண்ணன் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர். ஒரு நாளும் குதிரை ஏறியதில்லை. ஆனால் எங்கள் ஊர் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் பக்கம். எங்கள் ஜனம் சுழி பார்க்காமல் மாடோ குதிரையோ வாங்காது. உடம்பில் ரோமம் சுழிந்திருக்கிற இடம், எண்ணிக்கை, ஜோடி, இவற்றை வைத்து அந்தப் பிராணி வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார்கள். நெற்றியில் எப்படி இருந்தால் நல்லது, முதுகில் எங்கே இருந்தால் ஏறினவனைப் பாடையில் ஏற்றும் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவதா என்று கேட்டால், நம்புவதில்லைதான். பார்க்காமல் விடுவதும் இல்லை.

மூன்று மணி நேரம் கார் ஓட்டிவந்த அண்ணன், தோளில் ஒரு டர்க்கித் துண்டோடு இறங்கினார். சந்தையில் தரகர்கள் செய்வதுபோலத் துண்டுக்கு அடியில் டார்லீனின் விரலைப் பிடித்து விலை பேசலாம் என்று அவருக்கு உத்தேசம். டார்லீன் அந்தத் துண்டை வாங்கி, குதிரையின் வியர்வையைத் துடைத்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் ஹேஸலை வாலிலிருந்து தலைவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முதுகு சுத்தம். வயிறு சுத்தம். நெற்றிக்கு வந்ததும் நின்றார். முன்பிடரி மயிரை ஒதுக்கினார்.

“அம்மிணி, இங்க பாரு. நெத்தில ரெட்டைச் சுழி. ஒண்ணுக்கு மேல ஒண்ணு.”

“கெட்டதுங்களாண்ணா?”

“மாட்டுக்குன்னா சொல்லிருவேன். குதிரைக்கு எங்கப்பனக் கேக்கோணும். எதுக்கும் நல்லா நெனைப்பு வெச்சுக்க.”

என்ன பார்க்கிறீர்கள் என்று டார்லீன் கேட்டார். விளக்கினோம். சிரிப்பார் என்று நினைத்தால், என் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார், நெற்றியில் இரண்டு சுழி இருந்தால் பிடிவாதக்காரி என்று, இவளும் பிடிவாதக்காரிதான் என்றார். சந்தேகத்துக்கு விசாவும் வேண்டாம், க்ரீன் கார்டும் வேண்டாம் போலிருக்கிறது. யாமினி மட்டும் அன்று ஹேஸலின் கழுத்துக்கு அந்தப் பக்கமாகவே நின்றாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் துண்டும் சுழியும் அவளுக்கு அவமானமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசியாக ஒரு தடவை என்று அந்த ஃபைலை விரித்து உட்கார்ந்தேன். பதிவுத் தாளுக்குப் பின்னால் மூன்று வருடத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருந்தது. அதே நீளப் பெயர். ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாது என்று அந்தத் தாளில் குதிரையின் கோட்டுப் படம் ஒன்று போட்டு, அடையாளங்களை டாக்டர் பேனாவால் குறித்திருந்தார். பத்துத் தடவையாவது நான் புரட்டிய தாள். அன்றுதான் அந்தப் படத்தின் நெற்றியைப் பார்த்தேன். ஒரு சின்னப் பெருக்கல் குறி. ஓரத்தில், நெற்றியில் சுழி ஒன்று என்று எழுதியிருந்தது.

ஒன்று. அண்ணன் காட்டியது இரண்டு. கண், காது, கால் எல்லாம் மாறலாம், சுழி மாறாது. அப்படியானால் பார்னில் நிற்பது இந்தக் காகிதத்துக் குதிரை அல்ல.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பயமில்லை, சந்தோஷம். இரண்டு மாதமாக நான் தேடின ஓட்டை கிடைத்துவிட்டது. டாக்டரும் எக்ஸ்ரேயும் கண்டுபிடிக்காததை அந்தியூர்க்காரர்கள் கண்டுபிடித்துவிட்டோம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, நாளைக்கு அந்தம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம், யாமினி முன்னால் வேண்டாம் என்றார். முடியாது என்றேன். அவள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற டார்லீன் யார் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

சனிக்கிழமை காலை போனோம். யாமினி ஹேஸலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டார்லீன் விற்பனைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். நான் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டி, படத்தில் ஒரு சுழி, குதிரையில் இரண்டு சுழி, இது யார் என்று கேட்டேன். குரல் உயர்த்தவில்லை. ஆபீஸில் எதிராளியின் தப்பைப் பிடிக்கும்போதும் நான் குரல் உயர்த்துவதில்லை.

டார்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பயந்த மாதிரியே தெரியவில்லை. இந்தத் தாளில் இருப்பது ஹேஸலின் தங்கச்சி, ஜூனிபர் என்றார். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குதிரைகள், ஐந்து வருட வித்தியாசம், ஒரே நிறம். ஜூனிபர் போன குளிர்காலத்தில் வயிற்று வலி வந்து செத்துப்போய்விட்டது. ஃபைலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். செத்துப்போன விவரத்தைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போடலாம் என்று பேப்பரைத் தேடும்போதுதான் தெரிந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னாலேயே சரியான பேப்பரையெல்லாம் ஒரு கவரில் போட்டு யாமினியிடம் கொடுத்தேனே என்றார். ஹேஸலுக்குப் பதினாறு வயது, அதற்குத் தகுந்த விலைதான் நான் சொன்னது, அதையும் உன் அப்பா அம்மாவிடம் சொல்லிவிடு என்றேனே. நீங்கள் இரண்டு பேரும் பார்த்துவிட்டதாகவும், வயது ஒரு பிரச்சினை இல்லை என்று சொன்னதாகவும் மறு வாரம் வந்து சொன்னாளே என்றார்.

நான் யாமினியைப் பார்த்தேன். பிரஷ் ஹேஸலின் தோளிலேயே நின்றுவிட்டது. அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

டார்லீனும் அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, ஆனால் கறாராகச் சொன்னார். குதிரை விஷயத்தில் பொய் சொல்கிற பிள்ளைக்கு நான் குதிரை கொடுப்பதில்லை. குதிரைக்குக் கால் வலிப்பது தெரிந்தும் போட்டிக்கு ஆசைப்பட்டு வலிக்கவில்லை என்று சொல்வார்கள், அடிபடுவது குதிரை. உங்களிடம் இவள் சொன்னாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், டல்லாஸ்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள் என்றார்.

இந்தக் கதையில் டார்லீனைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன், கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டேன், பேச முடியாத பிராணியின் ரத்தத்தைச் சந்தேகப்பட்டேன். பெற்ற பெண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய். ஆறாம் வகுப்பில் அவள் எழுதிய கட்டுரைக்கு ஏ ப்ளஸ் வந்தபோது, டீச்சருக்கு போன் செய்து, நிஜமாகவே இவளேதான் எழுதினாளா என்று கேட்டவள் நான். பக்கத்து அறையில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு கட்டுரையையும் அவள் எனக்குக் காட்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் சந்தேகப்பட்டு, பட வேண்டிய இடத்தில் கோட்டை விட்டிருந்தேன். பதினாறு என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். பதினொன்றுதான் லிமிட் என்று அவள் காது கேட்கத்தானே சொன்னேன்.

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நிமிர்ந்தாள். அழவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்காக நின்றுகொண்டிருந்தாள். அம்மா உண்மையைத்தான் சொல்வாள், இதுவரை எப்போதும் அப்படித்தானே என்று அந்த முதுகு சொன்னது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“சொன்னா,” என்றேன் டார்லீனிடம், இங்கிலீஷில். “எங்ககிட்ட சொன்னா. கவரையும் குடுத்தா. நான்தான் வயசு விஷயத்தை மறந்துட்டு, பழைய ஃபைலைத் தூக்கிட்டு வந்துட்டேன். ஸாரி.”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டார். டார்லீன் என்னை நம்பினாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாகக் குதிரை விற்கிறவர், பொய்யைப் பார்த்திருக்க மாட்டாரா? சரி என்று தலையை ஆட்டினார்.

பதினாறு வயதில் இன்னும் எத்தனை நாள் இது தாண்டும் என்று கேட்டேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வருடம், அதற்குப் பிறகும் ஓடைப் பக்கம் நடக்கவும் வண்டி இழுக்கவும் குறைச்சலிருக்காது என்றார். அதற்குள் யாமினி காலேஜ் போயிருப்பாள் என்று எனக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். பத்திரத்தில் வயது பதினாறு என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். டார்லீன் உள்ளே போய் டல்லாஸுக்கு போன் செய்தார்.

காரில் திரும்பினோம். நெடுஞ்செழியன் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. யாமினி தன் பூட்ஸ் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து முன் சீட்டுக்கு நீட்டினாள். கசங்கியிருந்தது. திறந்து பார்த்தேன். படத்தின் நெற்றியில் இரண்டு பெருக்கல் குறிகள், பிறந்த வருடம் 1983. எல்லாம் சரியாக இருந்தது. மடித்து என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

வீடு நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“யூ டோல்ட் எ லை.”

“ஆமா,” என்றேன்.

“ஃபார் மீ?”

“ஆமா.”

பின்னால் திரும்பிப் பார்த்தேன். நன்றி சொல்வாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைச் சற்றுச் சுருக்கி, தலையைச் சாய்த்து, என் முகத்தை இன்ச் இன்ச்சாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைந்த விலை சொன்ன டார்லீனை நான் பார்த்த அதே பார்வை.

“ஸோ, வாட் டூ யூ வான்ட்?”

ஒன்றும் வேண்டாம் என்றேன். நிஜமாகவே அப்போது எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் நம்பவில்லை.